ஆடுது என்றால், எப்படி ஆடுது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தையல் மிஷினில் கோளாறு வந்தால் சப்ளை செய்தவர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் போட வேண்டும். ‘மிஷின் ஆடுது’ என்பதற்கு ‘ஷேக்’ என்று எழுதினேன். ‘வைப்ரேஷனா, வாபிளா, பிளேயா, தெளிவாகச் சொல்லுங்கள்’ என்று பதில் வந்தது. எல்லாம் ஆடுவதுதானுங்களே? எதை எப்போது எழுதுவது?
– வாசகர், திருப்பூர்

பதில்: அவர்கள் கேட்டது நியாயமான கேள்விங்க, கோபித்துக்கொள்ள வேண்டாம். மெக்கானிக் எந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பது அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

பக்கத்தில் ஆள் நிற்கும்போது ‘ஆடுது’ என்று சொன்னாலே போதும். சொல்லும்போதே கை மீதியைக் காட்டிவிடும். உள்ளங்கையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஓர் அர்த்தம், விரலைக் கோணலாகச் சுழற்றினால் வேறு அர்த்தம், முஷ்டியை இறுக்கி நடுக்கினால் இன்னொன்று. மெயிலில் கை தெரியாது. அங்கே கையின் வேலையையும் சொல்லே செய்தாக வேண்டும்.

பாலிடெக்னிக்கில் ஆங்கிலம் எடுத்த காலத்தில் இந்த வகைச் சொற்களுக்கு நான் தமிழ் அர்த்தம் எழுதிப் போட்டதில்லை. ‘ஷேக் – ஆடு, ஸ்விங் – ஆடு, ராக் – ஆடு, வாபிள் – ஆடு’ என்று போர்டில் எழுதினால் பையன் எதைப் படிப்பான்? அதற்குப் பதிலாக மூன்று கேள்வி கேட்கச் சொல்வேன். அந்தப் பொருளுக்குப் பிடிமானம் எங்கே இருக்கிறது? எவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறது? எவ்வளவு வேகம்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் சொல் தானாக வந்து நிற்கும்.

வகுப்பில் இதற்கென்றே ஒரு பழைய டேபிள் ஃபேன் வைத்திருந்தேன். இறக்கை சுற்றுவது ரொட்டேட். தலை இடமும் வலமுமாக நிதானமாகத் திரும்பித் திரும்பி வருவது ஆசிலேட். முன்பக்கக் கம்பிக்கூட்டில் கிளிப் ஒன்று கழன்றிருந்தால் லொடலொடவென்று சத்தத்தோடு ஆடும், அது ராட்டில். ஃபேன் நிற்கும் மேசையில் உள்ளங்கையை வைத்தால் கிர்ரென்று ஏறுகிறதே, அது வைப்ரேட். இறக்கை ஒன்று வளைந்துபோய், சுற்றும்போது வட்டம் நேராக விழாமல் தள்ளாடினால் வாபிள். ஒரே ஃபேன், ஒரே நேரம், ஐந்து சொல். பையன்கள் மேசையில் கைவைத்துப் பார்த்த பிறகு வைப்ரேட்டையும் ஷேக்கையும் குழப்பிக்கொண்டதே கிடையாது.

இப்போது உங்கள் மிஷினுக்கு வருவோம். ஊசி மேலும் கீழும் போய்வருவது கோளாறில் சேராது, அதன் பிழைப்பே அதுதான். அதற்குச் சொல் ரெசிப்ரொகேட். தொழிற்சாலை லாக்ஸ்டிச் மிஷின் ஒன்று நிமிடத்துக்கு 5,000 தையல் வரை போகும். அப்படியானால் ஒரு வினாடியில் ஊசி எண்பது தடவைக்கு மேல் துணியைக் குத்தி எழுகிறது. அந்த வேகத்தில் எது சரியாக ஆடுகிறது, எது தப்பாக ஆடுகிறது என்று கண்ணால் பிரிக்கவே முடியாது. அதனால் முதலில் பவரை ஆஃப் செய்யுங்கள். ஊசியைப் பிடித்திருக்கும் தண்டான நீடில் பாரை இரண்டு விரலால் பிடித்து, முன்னும் பின்னும், இடமும் வலமும் லேசாக அசைத்துப் பாருங்கள். மயிரிழை அளவுக்கு நகர்ந்து, உள்ளே ‘டிக்’ என்று தட்டினால், அந்தத் தண்டைச் சுற்றியிருக்கும் புஷ் என்ற உறை தேய்ந்திருக்கிறது. அதைத்தான் அவர்கள் பிளே என்று கேட்கிறார்கள். நம் பட்டறைகளில் ‘ஷாஃப்ட்டில் ஆட்டம் இருக்கு’ என்போமே, அதே ஆட்டம். விளையாட்டுக்கும் இந்தத் தளர்ச்சிக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதில் நாமும் ஆங்கிலக்காரரும் ஒன்று.

அடுத்து, மிஷின் ஓடும்போது பக்கத்துச் சக்கரத்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். விளிம்பு ஒரே கோட்டில் நிற்காமல் அலைந்தால் வாபிள் என்று எழுதுங்கள். சைக்கிள் கடையில் ‘ரிம்முல கோட்டம்’ என்பார்களே, அதுதான் வாபிள். சுற்றுகிற பொருளுக்குத்தான் பெரும்பாலும் இதைச் சொல்வோம். கால் சமமில்லாத மேசைக்கும் சொல்லலாம். டேபிள் முழுக்க அதிர்ந்து, மேலே வைத்த கத்தரிக்கோல் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வந்தால் வைப்ரேஷன். மோட்டார் போல்ட், தரை, ஸ்டாண்டின் ரப்பர் இவற்றை முதலில் பார்க்க வேண்டிய கேஸ் அது. ஷேக் என்பது கண்ணுக்கே தெரிகிற பெரிய ஆட்டம். ஒரு ஸ்டாண்டே முன்னும் பின்னும் ஆடினால் மட்டும் அதை எழுதுங்கள்.

ஜெர்க் இந்தக் கூட்டத்திலேயே சேராது. ஒரே தடவை வெட்டி இழுப்பது ஜெர்க், போய்த் திரும்புவது அதில் இல்லை. பெடலை மிதித்ததும் மிஷின் ஒரு வெட்டு வெட்டிக் கிளம்புகிறது என்றால் அது சரி.

ஆகவே மெயிலில், ‘தேர் இஸ் பிளே இன் தி நீடில் பார்’ என்றோ, ‘தி டேபிள் வைப்ரேட்ஸ் அட் ஹை ஸ்பீட்’ என்றோ ஒரு வரி போதும். கூடவே எந்த வேகத்தில் தொடங்குகிறது என்று சேருங்கள். குறைந்த வேகத்தில் அமைதியாக இருந்து, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் உதறி, அதைத் தாண்டினால் மறுபடி அடங்குகிறது என்றால், அந்த ஒரு தகவலே மெக்கானிக்குக் கோளாறைப் பாதி சொல்லிவிடும். மிஷினின் இயற்கையான அதிர்வெண்ணும் ஓடும் வேகமும் அங்கே ஒத்துப்போகின்றன என்று அவருக்குப் புரியும்.

லேத் பட்டறைக்காரர்களுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘சாட்டர்’ என்று நீங்கள் சொல்வது மிகச் சரியான ஆங்கிலம். கடைசல் செய்யும்போது டூலும், கடையப்படும் பொருளான ஜாபும் ஒன்றையொன்று உதறி, பரப்பில் அலை அலையாகக் கோடு விழுகிறதே, அதற்கு உலகம் முழுக்க அதே பெயர்தான். டூல் ஹோல்டருக்கு வெளியே டூல் நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால் அதிகம் வரும். குளிரில் பல் கிட்டி அடித்துக்கொள்வதற்கும் ஆங்கிலத்தில் இதே சாட்டர்தான்.

கேள்வி: எங்கள் ஊரில் தறி ஓடாத வீதி கிடையாது. தறியில் குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடாவுக்கு ஷட்டில் என்கிறார்கள். பேட்மின்டன் பந்துக்கும் ஷட்டில், மேட்டுப்பாளையம் ரயிலுக்கும் ஷட்டில், விண்வெளி ஓடத்துக்கும் ஷட்டில். இதில் எது முதலில் வந்தது?
– கல்லூரி மாணவி, சோமனூர்

பதில்: உங்கள் வீதியில் ஓடுகிறதே, அதுதான் மூத்தது அம்மணி. மற்றதெல்லாம் தறியிலிருந்து போனவை.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அம்பு, எறியும் ஈட்டி என்றுதான் அர்த்தம். எய்வதற்கான ‘ஷூட்’ என்ற சொல்லின் உறவு அது. நீளவாக்கில் விரிந்த பாவு நூலுக்கு நடுவே ஒரு பக்கமிருந்து மறுபக்கம் பாய்வதால் நாடாவுக்கு அந்தப் பெயர் நிலைத்தது. பாய்வதோடு நின்றிருந்தால் அம்பாகவே இருந்திருக்கும். திரும்பி வருகிறதல்லவா, அந்தத் திரும்பி வருதல்தான் பிற்காலத்தில் சொல்லின் முழு அர்த்தமும் ஆகிவிட்டது.

எங்கள் அப்பா சென்னிமலையில் பெட்ஷீட் நெய்தவர். மேலே தொங்கும் பிடியை அவர் ஓர் இழுப்பு இழுத்தால் நாடா இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் போகும், மறு இழுப்பில் திரும்பும். நாடாவுக்குள் நூல் சுற்றியிருக்கும் தாரில் நூல் தீரப்போகிறது என்பதைப் பார்க்காமல், நாடா போகும் சத்தம் லேசாவதை வைத்தே சொல்வார். இந்தக் கயிறு இழுக்கும் முறையைக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் லங்காஷயர்காரர் ஜான் கே, 1733இல். அதற்கு முன்பு நெசவாளி ஒரு கையால் எறிந்து மறுகையால் பிடிக்க வேண்டும். அதனால் துணியின் அகலம் கை எட்டும் தூரத்தோடு நின்றது. அதைவிட அகலமாக வேண்டுமென்றால் இரண்டு பேர் உட்கார வேண்டும். கேயின் பறக்கும் நாடா வந்த பிறகு ஒருவரே அகலத் துணி நெய்தார். நெசவு வேகமாகி, நூற்பவர்களால் ஈடுகொடுக்க முடியாமல் நூல் தட்டுப்பாடு வந்தது. நூற்பு இயந்திரங்கள் அடுத்தடுத்துப் பிறந்ததற்கு அந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணம். கோவை மில்களின் கதையைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போனால் இந்த நாடாவில் வந்து நிற்கும்.

அங்கிருந்து சொல் தையல் மிஷினுக்குத் தாவியது. அமெரிக்கர் எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை வாங்கிய மிஷினில் மேல் நூலை ஊசி கொண்டுவரும், கீழ் நூலை ஒரு சின்ன ஷட்டில் கொண்டுவரும். இரண்டும் பின்னிக்கொள்வதுதான் லாக்ஸ்டிச். பின்னால் வந்தவர்கள் அந்த ஷட்டிலை வளைவாக வீசவைத்தபோது அதை வைப்ரேட்டிங் ஷட்டில் என்றார்கள். அரைவட்டம் போய்த் திரும்பும்படி செய்தபோது ஆசிலேட்டிங். நிற்காமல் முழு வட்டமாகச் சுற்றவைத்தபோது ரோட்டரி ஹுக். நம் வீடுகளில் கறுப்பாகப் பூப்போட்டு நிற்கும் தையல் மிஷினில் பெரும்பாலும் இருப்பது இரண்டாவது. அடித்தட்டைத் திறந்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். சின்னக் கொக்கி அரைவட்டம் போகும், நிற்கும், வந்த வழியே திரும்பும். ஆசிலேட் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

பேட்மின்டன் பந்து வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருவதாலும், 16 இறகு செருகியிருப்பதாலும் ஷட்டில்காக். கோவைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே நாளெல்லாம் போய்வரும் ரயிலுக்கும் அதே காரணம். 1974இல் அமெரிக்க அமைச்சர் கிசிஞ்சர், போர் முடிந்த எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையே விமானத்தில் மாறி மாறிப் பறந்து பேசியதை ‘ஷட்டில் டிப்ளமசி’ என்று பத்திரிகைகள் எழுதின. 1981 ஏப்ரலில் முதல்முறை பறந்த கொலம்பியா விண்ஓடமும், போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி போகும் என்பதால்தான் ஷட்டில்.

உங்கள் பக்கத்தில் இப்போது ரேப்பியர், ஏர்ஜெட் தறிகள் வருகின்றன. அவற்றுக்கு ‘ஷட்டில்லெஸ்’ என்று பொதுப்பெயர். ஏர்ஜெட்டில் காற்றே ஊடை நூலை ஊதி அனுப்பிவிடுகிறது, குறுக்கே போய்த் திரும்ப நாடா என்று ஒன்று கிடையாது. உங்கள் வீட்டில் பழைய நாடா இருந்தால் எடுத்து வையுங்கள். முனையில் பித்தளையோ இரும்போ கூம்பாகப் பதித்திருக்கும். அம்பு என்ற பழைய அர்த்தம் அந்த முனையில் இன்னும் இருக்கிறது.

கேள்வி: தோட்டத்துப் போர்வெல்லுக்கு கம்ப்ரசர் போட்டிருக்கிறோம். அதன் பிளேட்டில் ‘ரெசிப்ரொகேட்டிங்’ என்று இருக்கிறது. மகனுக்கு வந்த ஆங்கிலக் கடிதத்தில், நாம் செய்த உதவிக்குப் பதிலாக ‘ரெசிப்ரொகேட்’ செய்வோம் என்று எழுதியிருக்கிறார்கள். பிஸ்டனுக்கும் உதவிக்கும் என்னங்க சம்பந்தம்?
– விவசாயி, தாராபுரம்

பதில்: நல்லாவே சம்பந்தம் இருக்குங்க. போனது அதே பாதையில் திரும்புவதுதான் இரண்டிலும். லத்தீனில் முன்னும் பின்னும் என்று பொருள்படும் சொல் அது. நம் கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் எழுதியது, உங்கள் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். பிஸ்டனும் அப்படித்தான். மேலே போனது கீழே வந்தே தீரும், அதோடு பிணைந்து சுற்றும் கிராங்க் அதை விடாது.

உங்கள் போரில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் கம்ப்ரசரே தண்ணீரை உறிஞ்சுவதாக நினைக்கிறார்கள். மேலே தரையில் நிற்கும் கம்ப்ரசரில் பிஸ்டன் ஏறி இறங்கிக் காற்றை அமுக்குகிறது. அந்தக் காற்று சின்னக் குழாய் வழியே போரின் ஆழத்துக்குப் போய், அங்கே பெரிய குழாய்க்குள் தண்ணீரோடு கலக்கிறது. குமிழி கலந்த தண்ணீர் எடை குறைந்துவிடுவதால் சுற்றியுள்ள தண்ணீர் அதை மேலே தள்ளுகிறது. குழாய் வாயில் தண்ணீர் விட்டு விட்டுப் பொங்குவது அதனால்தான். தண்ணீருக்குள்ளேயே இறங்கி வேலை செய்யும் சப்மெர்சிபிளில் பிஸ்டன் கிடையாது. அங்கே இம்பெல்லர் என்ற இறக்கைச் சக்கரம் சுற்றுகிறது, அதற்கு ரோட்டரி வகைச் சொற்கள்.

கேள்வி: பையனின் பாடத்தில் ஃபிளாப், ஃபிளட்டர், ஃபிளிக்கர் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. அகராதியில் எல்லாவற்றுக்கும் ‘படபடத்தல்’ என்றே போட்டிருக்கிறது. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பையனைச் சாயங்காலம் வாய்க்கால் மேட்டுக்குக் கூட்டிப்போங்கள், நெல் வயலும் கொக்கும் இருக்கிற ஊராயிற்றே. கொக்கு எழும்பும்போது இறக்கையை அகலமாக, ஒவ்வொரு வீச்சும் எண்ணுகிற மாதிரி அடிக்கும். அது ஃபிளாப். வயலின் மேல் பட்டாம்பூச்சி பறப்பது ஃபிளட்டர், வீச்சு சின்னது, எண்ண முடியாது. இருட்டிய பிறகு வீட்டு வாசலில் ட்யூப்லைட் பிடிக்காமல் விட்டு விட்டு எரிந்தால் ஃபிளிக்கர். ஃபிளிக்கர் பெரும்பாலும் வெளிச்சத்துக்கு. கொடிக்கம்பத் துணிக்கு முதல் இரண்டும் பொருந்தும், காற்று எவ்வளவு என்பதைப் பொறுத்து. நெஞ்சு படபடப்பதற்கு ஃபிளட்டர் மட்டுமே.

கேள்வி: தென்னை காற்றில் ஆடுவதற்கு ஸ்விங் என்று எழுதினேன், வாத்தியார் தப்பென்று கோடு போட்டு அடித்துவிட்டார்.
– பள்ளி மாணவன், பொள்ளாச்சி

பதில்: அடித்தது சரிதான் கண்ணு. பிடிமானம் எங்கே என்று பார். மேலே கட்டித் தொங்கினால் ஸ்விங்: ஊஞ்சல், தூளி, மணியின் நாக்கு. கீழே ஊன்றி, தலை மட்டும் மெல்ல அசைந்தால் ஸ்வே. தென்னைக்கு வேர் கீழே, ஆகவே ஸ்வே. அடியே வளைவாக இருந்து, தரையில் உருண்டு உருண்டு திரும்பினால் ராக். ஆடுகுதிரை, சாய்ந்தாடும் நாற்காலி எல்லாம் ராக். தண்ணீரில் மிதக்கும் இளநீர் மட்டை அலைக்கு ஏறி இறங்கினால் பாப்.

கேள்வி: ஆங்கிலத்தில் அசைவுக்கு இத்தனை சொற்கள் இருக்கும்போது தமிழில் ‘ஆடு, அசை, அதிர்’ தவிர எதுவும் இல்லையே. தமிழ் இந்த இடத்தில் ஏழை என்று எங்கள் வகுப்பில் ஒரு பேச்சு வந்தது.
– பொறியியல் மாணவர், பெருந்துறை

பதில்: அந்தப் பேச்சைக் கேட்டு எனக்கு வருத்தமாக இருந்தது. தேடும் இடத்தில் தேடவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஆங்கிலம் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஸ்பார்க் என்றால் ஒரு பொறி. அதோடு ஒரு சின்ன வால் சேர்த்து ஸ்பார்கிள் என்றால், பொறி பொறியாக விடாமல் மின்னுவது. கிராக் ஒரு வெடிப்பு, கிராக்கிள் என்றால் விறகு எரியும்போது படபடவென்று வெடித்துக்கொண்டே இருப்பது. நாய் வாலை ஆட்டுவது வேக், அதையே சின்னதாக, வேகமாகச் செய்தால் வேகிள். வாபிள், ஜிகிள் எல்லாம் அந்த வால் உள்ள சொற்கள். இன்னொரு வால் ‘அர்’ என்று முடியும்: ஃபிளிக்கர், ஃபிளட்டர், சாட்டர். ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்வதை ஆங்கிலம் இந்த வாலை ஒட்டிச் சொல்கிறது.

தமிழ் அதற்கு வால் ஒட்டாது, சொல்லையே இரட்டித்துவிடும். அகராதியில் வினைச்சொற்களின் பட்டியலை மட்டும் புரட்டினால் அது கண்ணில் படாது. குளிரில் வெடவெட, காய்ச்சலில் கிடுகிடு, ஆத்திரத்தில் துடிதுடி, காற்றில் சீலை படபட, வண்டி போனால் ஜன்னல் தடதட, ஆணி கழன்ற நாற்காலி லொடலொட. ஆங்கிலத்தில் ஷிவர், டிரெம்பிள், குவிவர், ஃபிளட்டர், ஷேக், ராட்டில் என்று ஆறு தனித்தனி வேரிலிருந்து எடுத்ததை நாம் ஒரே இலக்கண வழியில் செய்கிறோம். வெடவெட என்று பயத்தில் ஆட்டிப் பாருங்கள், ஓரளவு ஒத்துக்கொள்ளும். கிடுகிடு என்று பட்டாம்பூச்சியை ஆட்டிப் பாருங்கள், ஒத்துக்கொள்ளவே கொள்ளாது. அந்த அளவுக்குத் துல்லியம் இருக்கிறது.

தொல்காப்பியம் இதற்கு ‘இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ என்று விதியே வைத்திருக்கிறது. பிரித்தால் பொருள் நிற்காது, இரண்டும் சேர்ந்தே ஒலிக்கும். ஆங்கிலத்திலும் சில சொற்கள் இந்த வழிக்கு வருகின்றன: ஜிக்ஜாக், டிக்டாக், சீசா. இவற்றில் முதல் பாதியில் இகரம், இரண்டாம் பாதியில் வாய் திறந்த ஓசை. யாரும் ‘ஜாக்ஜிக்’ என்று சொல்வதில்லை. குழந்தைகள் ஏறி இறங்கி ஆடும் பலகையின் பெயரான சீசா, ரம்பத்துக்கான ‘சா’ என்ற சொல்லை இரட்டித்துப் பிறந்தது. பெரிய ரம்பத்தின் இரு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு மாறி மாறி இழுப்பதில் வந்த தாளம் அது.

ஆங்கிலத் தொழில்நுட்பக் கட்டுரையை மொழிபெயர்க்கும்போது ‘அதிர்வு’ என்று எல்லா இடத்திலும் போட்டு நிரப்பாதீர்கள். ராட்டிலுக்கு லொடலொடப்பு என்று எழுதினால் வாசிப்பவருக்கு அந்தச் சத்தமே கேட்கும். பட்டறையில் ஒருவர்கூட ‘என்ன அர்த்தம்’ என்று கேட்க மாட்டார்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்குக் கை நடுங்குகிறது. ரிப்போர்ட்டில் ‘ரெஸ்டிங் ட்ரெமர்’ என்று எழுதியிருக்கிறார்கள். நில அதிர்ச்சிக்குச் சொல்லும் சொல்தானே ட்ரெமர்?
– வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: சொல் ஒன்றுதான் அம்மா, நடுக்கம் என்று அர்த்தம். 1900 பிப்ரவரியில் கோவைப் பக்கம் பூமி அதிர்ந்ததை எழுதவும் அதையே போடலாம். மருத்துவத்தில் அதற்கு முன்னால் வரும் சொல்தான் முக்கியம். ‘ரெஸ்டிங்’ என்றால் கை சும்மா மடியில் கிடக்கும்போது வருகிற நடுக்கம். டம்ளரை எடுக்கும்போதும் எழுதும்போதும் மட்டும் வருகிற நடுக்கம் வேறு வகை. 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நோயில் வருவது பெரும்பாலும் முதல் வகை, வினாடிக்கு நாலிலிருந்து ஆறு தடவை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை வைத்து நோய்ப் பெயரை நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம். எந்த நேரத்தில், எந்தக் கையில் முதலில் வந்தது, பிடித்தால் நிற்கிறதா என்று குறித்துக்கொண்டு போய் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். அவருக்கு அது மிகவும் உதவும்.

கேள்வி: நூல் விலை ஏறி இறங்குவதை, சரக்கு வாங்கும் பையருக்கு எழுதும்போது ‘ஆசிலேட்’ போடலாமா, ‘ஃபிளக்சுவேட்’ போடலாமா?
– வாசகர், பல்லடம்

பதில்: ஃபிளக்சுவேட். ஆசிலேட் என்றால் இரண்டு எல்லைக்கு நடுவே ஒழுங்காகப் போய்வருவது. ஃபிளக்சுவேட் என்பதற்குள் இருப்பது அலை என்ற லத்தீன் சொல், ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் கணக்கு கிடையாது. மாதம் பிறந்தால் மில்காரர்கள் என்ன விலை சொல்வார்களோ என்று காத்திருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் தறிக்கூடத்துக் கரண்டே இரண்டுக்கும் உதாரணம். மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று என்று ஒரே ஒழுங்கில் திசை மாறி மாறி ஓடுகிறது, அது ஆசிலேட். 230 வோல்ட் வர வேண்டியது சாயங்காலம் 190க்கு இறங்கி, திடீரென்று 250க்கு ஏறினால் ஃபிளக்சுவேட். கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டதும் இன்ஜின் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு வேகத்தில் நிற்காமல் தவித்தால் அதற்குத் தனிச்சொல் உண்டு: ஹன்ட்டிங். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் சரியான புள்ளியைத் தேடி, ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டிப் போய்த் திரும்புகிறது. மெக்கானிக்குக்கு அந்தச் சொல்லையே சொல்லுங்கள், நேராக கவர்னரிடம் போய்விடுவார்.

கேள்வி: வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வீடியோ காலில் பேசும்போது நான் தலையாட்டினால் அவர் குழம்பிப்போகிறார். ‘நாட்’டுக்கும் ‘ஷேக்’குக்கும் என்ன வித்தியாசம்?
– வாசகர், கோவை

பதில்: தலை மேலும் கீழும் போனால் நாட், சரி என்று அர்த்தம். இடமும் வலமும் திரும்பினால் ஷேக், இல்லை என்று அர்த்தம். நாம் சரிங்க என்று சொல்லும்போது தலையைத் தோள் பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுகிறோமே, அது இரண்டிலும் சேராது. அவர்கள் அதை ஹெட் வாபிள் என்கிறார்கள். நமக்கு அது மரியாதையான, அன்பான சைகை, அதை விட வேண்டியதே இல்லை. விலை, தேதி, எண்ணிக்கை பேசும் இடத்தில் மட்டும் தலையோடு சேர்த்து வாயாலும் ‘யெஸ்’ என்று சொல்லிவிடுங்கள். கால் முடிந்ததும் ஒத்துக்கொண்டதை நாலு வரி மெயிலில் போட்டுவிடுங்கள்.